டயாலிசிஸ் பிரிவை விரிவாக்கும் முன் சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீடு: யாருடைய செலவைக் கணக்கில் சேர்ப்பது?

கேள்வி: அறக்கட்டளை மருத்துவமனை நிர்வாகி

அனைவருக்கும் வணக்கம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் அறக்கட்டளை நடத்தும் நடுத்தர அளவிலான மருத்துவமனையில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் டயாலிசிஸ் பிரிவில் மூன்று ஷிப்டுகளும் நிரம்பிவிட்டன. புதிதாக வருபவர்களை வேறு ஊர்களுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. இதற்குத் தீர்வாக அறங்காவலர் குழுவின் முன் இரண்டு யோசனைகள் உள்ளன. ரத்தத்தை உடலுக்கு வெளியே சுத்திகரிக்கும் பத்து ஹீமோ டயாலிசிஸ் இயந்திரங்களும் அவற்றுக்கேற்ற ஆர்.ஓ. நீர் நிலையமும் வாங்கலாம் என்பது முதலாவது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத் திரவத்தைச் செலுத்தி, நோயாளி வீட்டிலிருந்தபடியே செய்துகொள்ளும் பெரிட்டோனியல் டயாலிசிஸுக்குத் தனிப் பிரிவு தொடங்கலாம் என்பது இரண்டாவது.

விலைப்பட்டியலை மட்டும் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது, சிகிச்சைகளின் பயனையும் செலவையும் ஒப்பிட்டு ஆராயும் முறையான சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீடு செய்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று குழு உறுப்பினர் ஒருவர் வலியுறுத்தினார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆயினும் இத்தகைய மதிப்பீடுகளை அரசுகளும் பெரிய ஆய்வு நிறுவனங்களும் செய்வதாகத்தான் படித்திருக்கிறேன். பொருளியல் வல்லுநர் எவரும் இல்லாத எங்களைப் போன்ற மருத்துவமனை இதைச் செய்ய இயலுமா? எங்கள் கணக்குப் பிரிவு தயாரித்துள்ள அட்டவணையில் இயந்திர விலை, பராமரிப்பு ஒப்பந்தம், ஊழியர் சம்பளம், ரத்தத்தை வடிகட்டும் டயலைசர், மின்சாரம் ஆகியவை ஒரு பக்கமும், திரவப் பைகளின் விலை மறுபக்கமும் உள்ளன. அதன்படி இயந்திரங்கள் வாங்குவதே மலிவு என்று வருகிறது. எந்தச் செலவுகள் இதில் விடுபட்டுள்ளன என்பதை அறிய விரும்புகிறேன்.

எங்கள் சிறுநீரக மருத்துவருக்கு வேறொரு கவலை இருக்கிறது. இத்தகைய மதிப்பீடு ஒருமுறை ஆவணமாகிவிட்டால், அடுத்த நாளிலிருந்து தம் எதிரே அமர்ந்திருக்கும் நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்பதை நிர்வாகமே சொல்லத் தொடங்கிவிடும் என்று அவர் அஞ்சுகிறார். அந்த அச்சத்தை நான் ஒதுக்கிவிட விரும்பவில்லை. இத்துறையில் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


பதில்: பொதுச் சுகாதாரப் பொருளியல் ஆய்வாளர்

ஐயா, நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வியையே ஒரு நாடு முழுவதும் எழுப்பி, விடை கண்டு, பின்னர் அந்த விடையிலிருந்து விலகி, மீண்டும் அதற்கே திரும்பிய வரலாறு தாய்லாந்தில் இருக்கிறது. ஆகவே வரையறைகளை விட்டு அந்த வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

தாய்லாந்து 2002-இல் அனைவருக்குமான மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தபோது டயாலிசிஸ் அதில் சேர்க்கப்படவில்லை. அரசு ஊழியர்களுக்கும் நிறுவன ஊழியர்களுக்கும் வேறு திட்டங்களின் கீழ் அது கிடைத்தது. விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் தம் கையிலிருந்தே செலவிட வேண்டியிருந்தது. நிலத்தை விற்றுச் சிகிச்சை பெற்ற குடும்பங்கள் பெருகியதால் அழுத்தம் உருவானது. அப்போது செய்யப்பட்ட பொருளியல் மதிப்பீடு, டயாலிசிஸ் இன்றித் துன்பத்தை மட்டும் தணிக்கும் ஆறுதல் சிகிச்சையோடு ஒப்பிடுகையில் இரண்டு வகை டயாலிசிஸும், கூடுதல் ஆயுளுக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்ற அந்நாட்டின் வரம்பைப் பல மடங்கு தாண்டுகின்றன என்று காட்டியது. இரண்டுக்குள் பெரிட்டோனியல் முறை ஓரளவு குறைந்த செலவில் அதே பயனைத் தந்தது. வரம்பை மட்டும் பார்த்திருந்தால் இரண்டையும் மறுத்திருக்க வேண்டும். அரசு அவ்வாறு செய்யவில்லை. குடும்பங்கள் கடனில் மூழ்குவதைத் தடுப்பதும் காப்பீட்டின் நோக்கமே என்று கருதி, டயாலிசிஸைச் சேர்த்தது. ஆனால் மதிப்பீடு காட்டிய வரிசையை ஏற்று, பெரிட்டோனியல் முறையையே முதலில் வழங்குவது என்ற கொள்கையை 2008-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மருத்துவக் காரணத்தால் அது ஒவ்வாதவர்களுக்கு ஹீமோ டயாலிசிஸ் இலவசமாகக் கிடைத்தது; காரணமின்றி அதை விரும்பியவர்கள் தாமே செலவை ஏற்க வேண்டியிருந்தது.

2022 பிப்ரவரியில் அந்தக் கொள்கை தளர்த்தப்பட்டு, நோயாளியும் மருத்துவரும் எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்றானது. கேட்பதற்கு அது நியாயமாகவே ஒலித்தது. ஆனால் ஹீமோ டயாலிசிஸ் தொடங்குவோர் எண்ணிக்கை வேகமாக உயர்ந்தது, செலவும் கூடியது, புதிதாகத் தொடங்கியவர்களின் இறப்பு பற்றிய கவலையும் எழுந்தது. இறுதியில் 2025 ஏப்ரல் முதல், பெரிட்டோனியல் முறைக்கு முன்னுரிமை தரும் பழைய வழிக்கே அந்நாடு திரும்பியது.

இந்த வரலாற்றில் உங்கள் அட்டவணைக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. தாய்லாந்தின் ஹைடாப் எனப்படும் மதிப்பீட்டு நிறுவனமும் அதைச் சார்ந்த ஆய்வாளர்களும் செலவைக் கணக்கிடும்போது மருத்துவமனையின் செலவோடு நிறுத்துவதில்லை. நோயாளியின் பயணச் செலவு, உடன் வருபவர் இழக்கும் கூலி ஆகியவற்றையும் சேர்க்கிறார்கள். உங்கள் கணக்குப் பிரிவின் அட்டவணையில் அந்த வரிகளே இல்லை. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் எனில் ஆண்டுக்கு 156 முறை போய்வர வேண்டும். நோயாளி தனியாக வர முடியாதவர் என்றால் இரண்டு பேரின் 156 நாள்கள். அதை யாரும் உங்கள் மருத்துவமனைக்குப் பில்லாக அனுப்புவதில்லை என்பதாலேயே அது செலவில்லை என்றாகிவிடாது.

எங்களால் இயலுமா என்று கேட்டீர்கள். நாட்டளவிலான மதிப்பீட்டில், ஒரு சிகிச்சை கூடுதலாகத் தரும் ஆயுளை அந்த ஆயுளின் தரத்தால் பெருக்கி, அத்தகைய ஓர் ஆண்டைப் பெற எவ்வளவு செலவாகிறது என்று கணிப்பார்கள். சிகிச்சைகளை மதிப்பிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 1999-இல் தொடங்கப்பட்டது முதல் செய்துவருவது இதுவே. நீண்ட காலமாக அது ஓர் ஆண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரையிலான வரம்பைப் பயன்படுத்தியது. இந்தியாவில் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் 2017 முதல் இத்தகைய மதிப்பீட்டுக்கான எச்.டி.ஏ.இந்தியா அமைப்பு இயங்குகிறது; சென்னையில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சண்டிகரில் உள்ள பி.ஜி.ஐ. மருத்துவக் கல்வி நிறுவனமும் அதன் ஆய்வு மையங்களில் அடங்கும். அந்தக் கணிப்பை நீங்கள் மீண்டும் செய்யத் தேவையில்லை. பிறர் செய்ததைப் படித்து, அதில் உள்ள விலைகளும் தொலைவுகளும் ஊழியர் நிலையும் உங்கள் ஊருக்குப் பொருந்துமா என்று சோதிப்பதே உங்கள் வேலை.

அதற்கு டென்மார்க் மருத்துவமனைகளுக்காக 2005-இல் வெளியிடப்பட்ட குறுமதிப்பீட்டு வழிகாட்டி நல்ல மாதிரி. 26 கேள்விகள் கொண்ட படிவம் அது. தொழில்நுட்பம், நோயாளி, அமைப்பு, பொருளாதாரம் என்ற நான்கு கோணங்களில் ஒரு மருத்துவமனை தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியவற்றை அது வரிசைப்படுத்துகிறது. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு கணக்காளர் ஆகிய மூவர் அமர்ந்தால் நிரப்பிவிடலாம். உங்கள் குழுவில் பொருளியல் வல்லுநர் இல்லாதது பெரிய குறை அன்று. நோயாளி தரப்பிலிருந்து ஒருவர் இல்லாவிட்டால் அதுதான் குறை.


பதில்: சிறுநீரக மருத்துவர்

உங்கள் மருத்துவரின் அச்சம் புதியதன்று. டயாலிசிஸ் தோன்றிய காலத்திலேயே அது மெய்யாகியிருக்கிறது. 1960-இல் அமெரிக்க மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர் உருவாக்கிய, ரத்தக் குழாய்களில் நிலையாகப் பொருத்தும் ஷன்ட் குழாயால் நீண்ட கால டயாலிசிஸ் முதன்முறையாகச் சாத்தியமானபோது, சியாட்டிலில் இருந்த மையத்தில் சிலருக்கு மட்டுமே இடம் இருந்தது. யாருக்கு இடம் என்பதை முடிவுசெய்ய எழுவர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. நோயாளியின் வருமானம், திருமண நிலை, தொழில், தேவாலயத்துக்குப் போகும் பழக்கம் ஆகியவற்றைக்கூட அக்குழு கருத்தில் கொண்டது என்பது 1962-இல் வெளியே தெரிந்தபோது பெரும் அதிர்ச்சி ஏற்பட்டது. மருத்துவ அறம் என்ற துறையே வளர்வதற்கு அந்த அதிர்ச்சி ஒரு காரணம். ஆகவே, கோப்பும் குழுவும் நோயாளியின் தலைக்கு மேல் முடிவெடுக்கும் என்ற பேச்சு எழும்போது எங்கள் துறையினர் கூர்ந்து கவனிப்பதில் நியாயம் இருக்கிறது.

அதே வரலாற்றை வேறு விதமாகவும் படிக்கலாம். இடம் குறைவாக இருக்கும் எந்த மருத்துவமனையிலும் யாருக்கு முதலில் என்ற முடிவு நாள்தோறும் எடுக்கப்பட்டே வருகிறது. இப்போது உங்கள் மருத்துவமனையில் அதை எடுப்பது காத்திருப்போர் பட்டியலும், தொலைபேசியில் யார் பேசுகிறார் என்பதும்தான். எழுதி வைத்த அளவுகோல் அதைவிட மோசமானதாக இருக்க வாய்ப்பில்லை.

ஆனால் அளவுகோல் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஹீமோ டயாலிசிஸா, பெரிட்டோனியல் டயாலிசிஸா, எதில் நோயாளி நெடுநாள் வாழ்கிறார் என்பதற்கு, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வுகளிலிருந்து உறுதியான விடை நம்மிடம் இல்லை. நெதர்லாந்தில் முயன்றார்கள். வாழ்க்கை முறையையே மாற்றிவிடும் ஒரு தெரிவைக் குலுக்கலுக்கு விட நோயாளிகள் இசையாததால் 38 பேர் மட்டுமே சேர்ந்தனர். மற்ற சான்றுகள் பெரும்பாலும் நோயாளிப் பதிவேடுகளிலிருந்து வருபவை. பதிவேடுகளில் பெரிட்டோனியல் முறைக்குச் சென்றவர்கள் பல நாடுகளில் வயதில் இளையவர்களாகவும் வேறு நோய்கள் குறைந்தவர்களாகவும் இருந்திருக்கிறார்கள். தாய்லாந்தில் கொள்கையே அவர்களை அங்கு அனுப்பியது. இந்த இரண்டு வகைப் பதிவேடுகளையும் ஒன்றாகக் கூட்டி ஒரு எண்ணைப் பெறுவது எனக்கு உடன்பாடில்லை. பொதுவாக இரண்டிலும் உயிர்வாழ்வு ஏறத்தாழ ஒன்றே என்று சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் சான்றை மீறிப் பேசுவதாகும்.

எந்த நோயாளிக்கு எது ஒவ்வாது என்பது தெளிவாகத் தெரிந்ததே. வயிற்றில் பல அறுவைச் சிகிச்சைகள் நடந்து உள்ளுறுப்புகள் ஒட்டிக்கொண்டவர்கள், சரிசெய்ய முடியாத குடலிறக்கம் உள்ளவர்கள், கைநடுக்கமோ பார்வைக் குறையோ இருந்து உதவிக்கு ஆளும் இல்லாதவர்கள் ஆகியோருக்குப் பெரிட்டோனியல் முறை கடினம். இதயம் தளர்ந்து, ஒவ்வொரு ஹீமோ அமர்விலும் ரத்த அழுத்தம் சரிபவருக்கும், டயாலிசிஸ் ஊசி செலுத்துவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலாவை அமைக்க நல்ல ரத்தக் குழாய் இல்லாதவருக்கும் பெரிட்டோனியல் முறையே மேலானது. சிறுநீர் இன்னும் ஓரளவு வெளியேறுபவருக்கு அந்த மிச்சச் செயல்பாடு பெரிட்டோனியல் முறையில் சற்று நீடிக்கிறது. அதன் மதிப்பை நோயாளிகள் தண்ணீர்க் கட்டுப்பாடு தளரும்போது உணர்கிறார்கள். ஆகவே மதிப்பீட்டு ஆவணத்தில், ஒரு முறை நோயாளிக்குப் பொருந்தாததற்கான மருத்துவக் காரணங்களை எழுதி முடிவெடுக்கும் உரிமை சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்கே உண்டு, அதற்கு நிர்வாகத்தின் முன் அனுமதி தேவையில்லை என்ற வரி இடம்பெற வேண்டும். அந்த வரி இருந்தால் உங்கள் மருத்துவர் கையொப்பமிடுவார் என்று நம்புகிறேன்.

இன்னொன்று. உங்கள் கேள்வி, டயாலிசிஸ் தேவைப்படுவோர் எண்ணிக்கை மாறாதது என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஐடியல் ஆய்வில், சிறுநீரகச் செயல்பாடு சற்று மேலான நிலையிலேயே டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கும், அறிகுறிகள் வரும்வரை கவனத்தோடு காத்திருந்தவர்களுக்கும் உயிர்வாழ்வில் வேறுபாடு காணப்படவில்லை. ஆய்வகத் தாளில் உள்ள, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்த்து டயாலிசிஸ் தொடங்கும் வழக்கம் உங்கள் பிரிவில் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை நேரில் பார்த்து, பசி, குமட்டல், வீக்கம், பொட்டாசியம் ஆகியவற்றைக் கவனிக்கும் வெளிநோயாளர் பிரிவு ஒன்று இருந்தால் சிலருக்குப் பல மாதங்கள் இயந்திரமே தேவைப்படாது. அதுவும் நீங்கள் ஒப்பிட வேண்டிய தெரிவுகளில் ஒன்று. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்ய உதவுவதும் அப்படியே. தமிழகத்தில் 2008 முதல் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்பு தானத் திட்டம் இயங்கிவரும்போது, நோயாளியின் பெயர் பட்டியலில் ஏறாமலே ஆண்டுகள் கழிவது வருத்தத்துக்குரியது.


பதில்: டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்

மேலே பேசியவர்கள் சொன்னவற்றை மதித்து, தரையில் நடப்பதைச் சேர்க்க விரும்புகிறேன்.

பத்து இயந்திரங்கள் என்பதை எத்தனை நோயாளிகள் என்று மாற்றிப் பாருங்கள். ஓர் இயந்திரத்தில் நாளுக்கு மூன்று ஷிப்டு, வாரம் ஆறு நாள் என்றால் 18 அமர்வுகள். வாரம் மூன்று முறை சிகிச்சை பெறுபவர்கள் என்றால் ஓர் இயந்திரத்துக்கு ஆறு பேர். பத்துக்கு அறுபது பேர். வாரம் இரண்டு முறை மட்டும் என்றால் தொண்ணூறு பேர். நம் ஊர்களில் பலரும் வாரம் இரண்டு முறை வருவது மருத்துவக் காரணத்தால் மட்டுமன்று. மூன்றாவது முறை வரப் பேருந்துக் கட்டணமோ உடன் வர ஆளோ இல்லாததாலும்தான். அட்டவணை தயாரிப்பவர்கள் தொண்ணூறு என்ற எண்ணை எடுத்துக்கொண்டு ஒரு நோயாளிக்கான செலவு குறைவு என்று காட்டுவதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. குறைவாகச் சிகிச்சை பெறுபவரின் இழப்பு, மருத்துவமனையின் சிக்கனமாகக் கணக்கில் ஏறிவிடுகிறது.

நீரையும் கணக்கில் எடுங்கள். நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் டயாலிசிஸ் திரவம் நான்கு மணி நேரம் ஓடினால் ஓர் அமர்வுக்கு 120 லிட்டர் சுத்தமான நீர் வேண்டும். ஆர்.ஓ. நிலையம் கழித்துவிடும் நீர் இதற்கு மேல். கோடையில் லாரி நீரை நம்பியிருக்கும் ஊரில் பத்து இயந்திரங்களைக் கூடுதலாக வைப்பதற்கு முன் அந்தப் பொறுப்பை யார் ஏற்கிறார் என்று எழுதி வைக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தொற்று உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் ஒதுக்க வேண்டும் என்பதால், பத்தும் எல்லோருக்கும் பயன்படும் என்றும் எண்ண வேண்டாம்.

பெரிட்டோனியல் முறையும் எளிதென்று சொல்ல மாட்டேன். நாளுக்கு இரண்டு லிட்டர் பை நான்கு மாற்ற வேண்டியவருக்கு, மாதத்துக்கு ஏறத்தாழ 240 லிட்டர் திரவம் வீடு வந்து சேர வேண்டும். கால் டன் எடைக்கு நெருங்கிய பெட்டிகளை ஓர் அறை வீட்டில் எங்கே அடுக்குவது என்பது நோயாளி கேட்கும் முதல் கேள்வி. தாய்லாந்தில் திரவத்தை அரசு மருந்து நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, அஞ்சல் துறை வழியாக வீடுகளுக்கு அனுப்பியது என்று படித்திருக்கிறேன். தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இந்தத் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுசேர்க்கும் பணி இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் அதனோடு இணைய முடியுமா என்று மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். இணைய முடிந்தால் உங்கள் கணக்கின் பெரும் பகுதியே மாறிவிடும்.

பயிற்சிதான் உயிர்நாடி. கைகழுவுதல், முகக்கவசம், பையை இணைக்கும்போது முனையைத் தொடாமை, வெளியேறும் திரவம் கலங்கலாக இருந்தால் அதே நாளில் மருத்துவமனைக்கு வருதல் ஆகியவை நோயாளிக்கும் வீட்டில் உள்ள இன்னொருவருக்கும் பழக்கமாக வேண்டும். தொற்றால் வரும் வயிற்று உறை அழற்சியின் அளவு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 0.4 முறையைத் தாண்டக் கூடாது என்பது பன்னாட்டுப் பெரிட்டோனியல் டயாலிசிஸ் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டு இலக்கு. இதற்கென்று மட்டுமே ஒரு செவிலியரை நியமித்து, வீடுகளுக்குப் போய்வர வாகனமும் இரவில் எடுக்கும் தொலைபேசியும் தந்தால் அந்த இலக்கை எட்டலாம். வார்டு வேலையோடு இதையும் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டால் நோயாளிகள் தொற்றோடு திரும்பி வருவார்கள்; ஓராண்டுக்குப் பிறகு, இந்த முறை நமக்குச் சரிவராது என்ற முடிவும் எழுதப்படும். தோற்றது முறை என்று பதிவாகும். உண்மையில் இல்லாமற்போனது ஊழியர்.


பதில்: அறக்கட்டளை மருத்துவமனை நிர்வாகி

மூவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னவற்றைக் கணக்குப் பிரிவோடு அமர்ந்து பார்த்தோம். அப்போது இன்னொரு சிக்கல் புலப்பட்டது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஹீமோ டயாலிசிஸுக்கு அமர்வுவாரியாகத் தொகை வருவதால் எங்கள் வரவு சீராக இருக்கிறது. வீட்டில் செய்துகொள்ளும் முறையில் அப்படிச் சீரான வரவு இல்லை. ஆகவே நோயாளியின் பயணச் செலவையும் கூலி இழப்பையும் சேர்த்தால் பெரிட்டோனியல் முறை மேலாகத் தெரிகிறது. மருத்துவமனையின் வரவு செலவை மட்டும் பார்த்தால் இயந்திரங்களே மேலாகத் தெரிகின்றன. ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள். அறங்காவலர்களிடம் எதைச் சொல்வது?


பதில்: பொதுச் சுகாதாரப் பொருளியல் ஆய்வாளர்

இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் வையுங்கள். ஒன்றை மறைத்து மற்றொன்றைக் காட்டும் மதிப்பீட்டை நான் மதிப்பீடு என்றே ஏற்க மாட்டேன். சமுதாயத்தின் செலவு, மருத்துவமனையின் செலவு என்ற இரண்டு கோணங்களும் வேறு வேறு விடை தரும்போது, அந்த வேறுபாட்டின் தொகை எவ்வளவு, அதை யார் சுமக்கிறார் என்று காட்டுவதே இந்தப் பணியின் முழுப் பயன். உங்கள் கணக்கில் அதைச் சுமப்பவர் மூன்று பேருந்து மாறி வரும் நோயாளி. அறக்கட்டளை எதற்காக நிறுவப்பட்டதோ அந்த நோக்கத்தை முன்வைத்து அறங்காவலர்கள் முடிவெடுக்க அப்போதுதான் வழி பிறக்கும். வரவு சீராக இருப்பதும் தவறான கவலை அன்று. மருத்துவமனை மூடப்பட்டால் எந்த முறையும் எவருக்கும் கிடைக்காது.

திரவத்தின் விலையை மாறாத எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹீமோ டயாலிசிஸில் செலவின் பெரும் பகுதி இயந்திரம், கட்டடம், நீர், ஊழியர் ஆகியவற்றில் முன்கூட்டியே கட்டுண்டுவிடுகிறது. பெரிட்டோனியல் முறையிலோ அது திரவப் பையின் விலையில் இருக்கிறது. அந்த விலை பேரத்துக்கு உட்பட்டது. மும்பையின் டாடா நினைவு மருத்துவமனையை மையமாகக் கொண்ட தேசியப் புற்றுநோய் வலையமைப்பு, 40 மருந்துகளை உறுப்பு மருத்துவமனைகளுக்காகக் கூட்டாகப் பேரம் பேசி வாங்கியபோது, மருந்துக்கு மருந்து 23 முதல் 99 விழுக்காடு வரை விலை குறைந்தது. ஒரு மருத்துவமனை தனியாகக் கேட்டால் கிடைக்காத விலை, சுற்றியுள்ள நான்கைந்து அறக்கட்டளை மருத்துவமனைகள் சேர்ந்து கேட்டால் கிடைக்கலாம். ஆகவே அட்டவணையில், பையின் விலை எந்த அளவுக்கு இறங்கினால் மருத்துவமனையின் கணக்கிலும் இரண்டு முறைகளும் சமமாகும் என்ற ஒரு வரியைச் சேருங்கள். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு விற்பனையாளரிடம் பேசுவது வேறு. இல்லாமல் பேசுவது வேறு.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இயந்திர நிறுவனமோ திரவ நிறுவனமோ தயாரித்துத் தரும் ஒப்பீட்டு ஆவணத்தை அப்படியே இணைக்க வேண்டாம். குழுவில் உள்ளவர்கள் அந்நிறுவனங்களோடு கொண்டுள்ள தொடர்பு எதுவாயினும், அவர்களின் செலவில் சென்ற மாநாடு உட்பட, முதல் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும்.


பதில்: சிறுநீரக மருத்துவர்

பெரிட்டோனியல் முறையைத் தேர்ந்தெடுத்தால் முதல் நாளே எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள். குழாய் பொருத்தப் பழகிய அறுவை மருத்துவர் ஒருவர், அவர் விடுப்பில் இருந்தால் மற்றொருவர், பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் என்று அமைந்த பிறகு சிறு எண்ணிக்கையில் தொடங்குங்கள். பொருத்திய குழாயை முழு அளவில் பயன்படுத்த வழக்கமாக இரண்டு வாரங்கள் விட வேண்டும் என்பதால், மூச்சுத் திணறலோடு நள்ளிரவில் வருபவருக்கு ஹீமோ இயந்திரம் எப்போதும் தேவைப்படும். எனவே இது இயந்திரங்களே வேண்டாம் என்ற வாதமாகிவிடக் கூடாது. பத்து என்ற எண் நான்காகக் குறையலாம்.

இரண்டு முறைகளையும் நோயாளிக்கு விளக்கும் சந்திப்பு, ஃபிஸ்டுலா போடும் முன்பே நடக்க வேண்டும். கழுத்தில் தற்காலிகக் குழாயோடு படுத்திருப்பவரிடம் எது விருப்பம் என்று கேட்பது கேட்டதாகாது. அச்சந்திப்பில் வயிற்று டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரும் இயந்திரத்துக்கு வரும் ஒருவரும் தங்கள் அன்றாடத்தைச் சொல்ல இடமளித்தால், மருத்துவர் சொல்வதைவிட நோயாளிக்கு நன்றாக விளங்கும்.


பதில்: அறக்கட்டளை மருத்துவமனை நிர்வாகி

அறங்காவலர் கூட்டத்துக்கு இப்போது எழுதிக்கொண்டிருக்கும் குறிப்பு இவ்வாறு அமைகிறது. நான்கு ஹீமோ இயந்திரங்கள். ஒரு முழுநேரச் செவிலியரோடு பெரிட்டோனியல் பிரிவு. டயாலிசிஸ் நிலையை நெருங்குபவர்களுக்குத் தனி வெளிநோயாளர் நாள். சமுதாயக் கணக்கும் மருத்துவமனைக் கணக்கும் தனித்தனிப் பக்கங்களில் இருக்கும். மருத்துவரின் தனி முடிவுரிமை பற்றிய வரியை எங்கள் சிறுநீரக மருத்துவரே எழுதித் தந்துவிட்டார். அழற்சி அளவு 0.4-ஐத் தாண்டினால் புதிய சேர்க்கையை நிறுத்திக் காரணம் ஆராய வேண்டும் என்ற விதியையும் அவரே சேர்த்தார். திரவ விலை குறித்து அண்டை மாவட்டத்தின் இரண்டு மருத்துவமனைகளோடு பேசத் தொடங்கியுள்ளோம்.

ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. நோயாளிகளின் பயணச் செலவையும் கூலி இழப்பையும் இதுவரை தோராயமாகவே வைத்துள்ளோம். ஒரு வார காலத்துக்கு மூன்று ஷிப்டிலும் வருபவர்களிடம் நேரில் கேட்டுப் பதிவு செய்யத் திட்டமிட்டிருக்கிறோம். எந்தெந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதில் செவிலியர் அம்மாவின் உதவியை எதிர்பார்க்கிறேன்.


பதில்: டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்

கட்டாயம் உதவுகிறேன், ஐயா. வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார், எத்தனை வண்டி மாறினார், உடன் வந்தவர் யார், அவர் அன்று எந்த வேலையை விட்டுவிட்டு வந்தார், வழியில் சாப்பாட்டுக்கு என்ன செலவானது, சென்ற மாதம் எத்தனை முறை வர முடியாமல் போனது, ஏன் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை நோயாளி படுக்கையில் ஏறிய பிறகு கேளுங்கள். வரிசையில் நிற்கும்போது கேட்டால், இடத்தை எடுத்துவிடுவார்களோ என்று பயந்து, தவறாமல் வந்தேன் என்றே சொல்வார்கள். ஷிப்டை விட்டு நின்றுபோனவர்களின் பெயர்களும் பழைய பதிவேட்டில் இருக்கும். அவர்கள் வீட்டுக்கும் யாரையாவது அனுப்பிக் கேளுங்கள்.